எலுமிச்சை பிழியாத டீ

ஞானசம்பந்தத்தைப் பால் டீயை நிறுத்தச் சொன்னவர் டாக்டர். செம்பருத்தி டீயைக் குடிக்கச் சொன்னது ஊர். சர்க்கரை வந்த மனிதனுக்கு வைத்தியம் சொல்லாத ஆள் திருப்பூரில் எங்கே இருக்கிறார்? கம்பெனியில் பாய்லர் பார்க்கிறவர் முதல் டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர் வரை ஆளுக்கொரு இலை, ஆளுக்கொரு வேர் என்று அள்ளி விட்டார்கள். அவர் மனைவி கலைமகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு செம்பருத்தியை மட்டும் பிடித்துக்கொண்டாள். பெரிய ஆராய்ச்சி ஒன்றும் இல்லை. நெசவாளர் காலனியில் அவர்கள் வீட்டுப் புறவாசலிலேயே செடி நின்றது. முருகனுக்குப் பறித்தது போகவும் பூ மிஞ்சியது.

விடிந்ததும் பூவைப் பறிப்பாள். காம்பையும் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டையும் கிள்ளி எறிந்துவிட்டு, எறும்பு போக இதழ்களை அலசி வைப்பாள். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து, இதழ்களையும் தட்டிய இஞ்சித் துண்டையும் போட்டு மூடிவிடுவாள். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால் இதழ்கள் பழந்துணி மாதிரி வெளுத்துக் கிடக்கும். சிவப்புப் பூவைப் போட்டால் சிவப்பாகத்தானே தண்ணீர் வரவேண்டும்? வந்ததோ கத்திரிப்பூவும் மையும் கலந்த ஒரு நிறம். முதல் நாள் அவள் பயந்தே போனாள்.

“இதென்னுங்க, பேனா மையாட்ட இருக்குது? இதப் போயி குடிக்கறதுங்களா?”

“எலுமிச்சம்பழம் இருந்தா ஒண்ணு அறுத்துட்டு வா புள்ள” என்றார் ஞானசம்பந்தம்.

கண்ணாடி டம்ளரில் டீயை ஊற்றி, அவரே நாலு சொட்டு பிழிந்தார். மேலே விழுந்த சாறு கீழே இறங்க இறங்க, கத்திரிப்பூ கலைந்து செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. கலைமகள் வாயைப் பிளந்தாள். அவர் சின்னப் பையனைப் போலச் சிரித்தார். “புளிப்புப் பட்டா டோன் மாறும். எங்க மெசின்ல ஆசிட் உடறமல்ல, அதே சோலிதான் இது.”

அவர் அப்படித்தான். சாயப்பட்டறையில் ஷேடு மாஸ்டராக இருந்து இருந்து உலகத்தையே ஷேடு ஷேடாகப் பார்க்கப் பழகியவர். சாம்பார் அவருக்கு மஸ்டர்டு மஞ்சள். மகளுக்குப் பட்டுப்புடவை எடுக்கப் போன இடத்தில் கடைக்காரரிடம் அந்தப் பச்சையில் மஞ்சள் ஒரு பொட்டு தூக்கல் என்று சொல்லி, மகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். அந்த மகளைத் தாராபுரத்தில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் இவர்கள் இருவர்தான்.

அன்றிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது. காலையில் புறவாசலில் கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் ட்ரம்களில் இருவரும் உட்காருவார்கள். கலைமகள் அவர் கண் முன்னால் எலுமிச்சையைப் பிழிவாள். அவர் டம்ளரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “இன்னுங் கொஞ்சம்... இன்னுங் கொஞ்சம்... போதும், ஷேடு வந்துருச்சு” என்பார். டீ என்னவோ சப்பென்றுதான் இருந்தது. ஆனால் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் கம்பெனி நினைப்பில்லாமல் அவளோடு உட்கார்ந்திருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். சர்க்கரை வந்ததற்காக முருகனுக்கு நன்றி சொல்லலாமா என்றுகூட அவளுக்கு ஒரு நாள் தோன்றியது. உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

தை மாதத்தில் ஒரு நாள் வீட்டில் எலுமிச்சை தீர்ந்துபோயிருந்தது. வெறும் டீயை டம்ளரில் ஊற்றி எடுத்துக்கொண்டு, “இன்னிக்கு மையத்தான் குடிக்கோணும்” என்று சொல்லிச் சீண்டலாம் என்று வந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் டம்ளரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“உள்ளயே புழிஞ்சுட்டயா? நேத்தைக்கு மேல இன்னிக்கு நல்லா செவந்திருக்குது. சரியான மெரூன்.”

தன்னை முந்திக்கொண்டு அவர் சீண்டுகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். சிரித்துக்கொண்டே முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் விளையாட்டு இல்லை. டம்ளரில் இருந்தது அச்சு அசல் மை நிறம். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, “பழத்துல சாறே இல்லையாட்ட இருக்குது” என்று மட்டும் சொன்னார்.

கலைமகளுக்குப் போன வாரம் அவளுடைய நீலச் சேலையைப் பார்த்து, “இந்தப் பச்சை உனக்கு எடுப்பா இருக்குது” என்று அவர் சொன்னதும், அவள் அதை ஞாபகப் பிசகு என்று விட்டதும் நினைவுக்கு வந்தன. பழமே பிழியவில்லை என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள்.

ஏன் அழுதாள் என்றால், அவருடைய பிழைப்பே அந்தக் கண்தான். வெளிநாட்டுக்காரன் அனுப்பிய மாதிரித் துணியும் இங்கே மெஷினில் சாயம் ஏறிய துணியும் ஒரே நிறமா என்று பார்த்துச் சொல்வதுதான் அவர் வேலை. மற்றவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் பிடிபடாததை இவர் போகிற போக்கில் பிடித்துவிடுவார். கம்ப்யூட்டர் ஆயிரம் சொல்லட்டும், மாஸ்டர் “இறக்கு” என்றால்தான் ஒரு லாட் துணி மொத்தமும் மெஷினை விட்டு இறங்கும். பனியன் கம்பெனிக்காரர்கள் மத்தியில் ஞானசம்பந்தம் பார்த்தாச்சு என்றால் மறுபேச்சே கிடையாது. அந்த மனிதனிடம் போய், உங்களுக்கு மைக்கும் மெரூனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

அவருக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்திருந்தது. அடுத்த சில நாட்களிலேயே அது விளங்கிவிட்டது. ஒரு காலையில் சட்டைப் பையிலிருந்து இரண்டு துணித் துண்டுகளை எடுத்து அவள் மடியில் போட்டார். அவர்கள் தொழிலில் அதைப் பிட் என்பார்கள்.

“உன்ற கண்ணு எப்பிடி இருக்குதுன்னு பாக்கலாம். ரெண்டும் ஒண்ணா, வேறயா?”

குரலில் வேடிக்கை. கண் மட்டும் அவள் உதட்டை விட்டு நகரவில்லை. கலைமகளுக்கு எல்லாம் புரிந்தது. புரிந்தும், புரியாதவளாகத் துண்டுகளை வாங்கினாள். “இதுல நீலம் கொஞ்சம் தூக்கலா இருக்குதுங்களே” என்றாள். அவர், “பரவால்லயே” என்றார். வண்டி எடுப்பதற்கு முன்னால் போனில் யாரிடமோ, “நீலத்தக் கொஞ்சம் கொறைங்கப்பா” என்று சொன்னது அவள் காதில் விழுந்தது.

அது அன்றாடம் ஆயிற்று. கம்பெனியில், “வெடியால வெளிச்சத்துல பாத்துட்டுச் சொல்றன்” என்று பிட்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். மாஸ்டருக்கு எத்தனை கவனம் என்று அங்கே எல்லாரும் மெச்சிக்கொண்டார்கள். காலையில் டீ, எலுமிச்சை, அப்புறம் பிட். அவர் எப்போதும் புறவாசலில்தான் துண்டுகளைக் கொடுத்தார். டீ குடிக்கிற இடம் அதுதானே, அதனால் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், அவளுக்கு அது பிடித்திருந்தது. தோளோடு தோள் உரச உட்கார்ந்து, இது ஒரு நூல் மங்கல், இது ஒரு நூல் பழுப்பு என்று பேசுவது. அவள் சொல்வதை அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பது. பொண்டாட்டி பேச்சை அப்படிக் கேட்கிற புருஷன் நெசவாளர் காலனியில் வேறு எந்த வீட்டில் இருந்தான்? ஒரே ஒரு தடவை மட்டும் மெல்ல ஆரம்பித்துப் பார்த்தாள்.

“ஏனுங்க, சக்கரை இருக்கறவங்க வருசத்துக்கொருக்கா கண்ணக் காட்டோணும்னு டாக்டர் சொன்னாரல்லங்க. ஒரெட்டு போயிட்டு வந்தறலாங்களா?”

“என்ற கண்ணுக்கு என்ன கேடு?” முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம். அந்தக் காலை நேரம் கெட்டுப்போகுமே என்று பேசாமல் இருந்துவிட்டாள். மாதங்கள் போயின.

ஐப்பசியில் விடாமல் மழை பிடித்துக்கொண்டது. ஞானசம்பந்தம் காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்தார். பொழுது சாய்கிற நேரத்துக்கு முனீஸ் நனைந்துகொண்டே வண்டியில் வந்து நின்றான். அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பையன், சாய மெஷின் ஓட்டுகிறவன். பெண்டாட்டி பிள்ளையோடு பிழைக்க வந்தவன். இடுப்பில் பிளாஸ்டிக் பைக்குள் இரண்டு பிட் வைத்திருந்தான், நேற்றைய லாட்டில் ஒன்று, இன்றைய லாட்டில் ஒன்று.

“லாட்டு மெசின்லயே நிக்கிதுண்ணாச்சி. காலையில வரைக்கும் தாங்காது. நேத்து எறக்குன லாட்டோட சேத்துத் தைக்கப் போறாகளாம். மொதலாளி ஒங்ககிட்டக் காட்டிட்டு வரச் சொன்னாக.”

ஞானசம்பந்தம் எழுந்து உட்கார்ந்தார். பிட்டுகளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கலைமகள் அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

“தம்பிக்கு டீ வெச்சுக் கொண்டா” என்றவர், துண்டுகளையும் அவள் பக்கம் நீட்டினார். “இது ஈரமா இருக்குது, ஒணத்திட்டு வா.”

சொல்லாமல் சொன்னது அவளுக்குப் புரிந்தது. அடுக்களைக்குப் போய்த் தண்ணீரை வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒரே இருட்டாக மழை. அடுப்புக்கு மேலே எரிகிற குண்டு பல்பின் கீழே இரண்டு துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சாம்பலும் நீலமும் கலந்த நிறம். மடித்துப் பார்த்தாள், ஒன்றின் மேல் ஒன்று போட்டுப் பார்த்தாள். முருகன் மேல் ஆணையாக ஒரு நூல் வித்தியாசம் தெரியவில்லை. முனீஸுக்கு எலுமிச்சை பிழிந்து டீயைக் கொடுத்துவிட்டு, துண்டுகளை அவர் கையில் வைக்கும்போது, “ஒண்ணுதானுங்க” என்றாள் மெல்லமாக.

“இறக்கிரு” என்றார் ஞானசம்பந்தம்.

முனீஸ் டம்ளரைக் கீழே வைத்தான். “நல்லாருக்கு மதினி. இப்பிடிச் செவப்பா டீ நான் குடிச்சதே இல்ல” என்று சொல்லிவிட்டு மழையிலேயே போனான்.

மழை விட்டு வெயில் வந்த பிறகு விஷயம் வெளியே வந்தது. தைத்து முடித்த சட்டைகளை வாசல் பக்கம் கொண்டுவந்தபோது உடம்பு ஒரு நிறம், கை ஒரு நிறம். உள்ளே விளக்கில் ஒத்துப் போனது வெயிலில் பல்லை இளித்தது. மொத்தச் சரக்கும் திரும்பிவிட்டது. ஞானசம்பந்தம் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

“முனீஸ நிறுத்தப் போறாங்க.”

“அவனையா? ஏனுங்க?”

“சாயத்த மாத்திப் போட்டுட்டானாம். ‘அண்ணாச்சிதான் இறக்கச் சொன்னாக’ன்னு அவஞ் சொல்லிப் பாத்தான். யாரும் நம்புல. மாஸ்டர் பாத்திருந்தா தப்பு வருமா, நீதான் காட்டாமயே இறக்கீட்டு மாஸ்டர் தலையில கட்டறயாங்கறாங்க. நானு அங்கயே நின்னுட்டிருந்தன் கலை. என்ற வாயத் தொறக்க முடியல.”

அவர் அவளைப் பார்க்காமல் கேட்டார்.

“அன்னிக்கு எங்க வெச்சுப் பாத்தே?”

“அடுப்புக்கிட்டத்தானுங்க. லைட்டு எரிஞ்சுட்டுத்தான் இருந்துச்சு.”

“பொறவாசலுக்குப் போலயா?”

“மழை பேஞ்சுட்டிருந்துச்சுங்களே. இருட்டாவும் இருந்துச்சு.” சொல்லும்போதே அவளுக்கு ஏதோ உறைத்தது. “ஏனுங்க, அந்த லைட்டுல வெச்சுப் பாக்கக் கூடாதுங்களா?”

“குண்டு பல்புல வேற வேற சாயமும் ஒண்ணாட்டத் தெரியும். அது எங்க வேலையில மொதப் பாடம். பகல் வெளிச்சத்துலதான் பாக்கோணும்.”

“நீங்க ஒரு நாளுஞ் சொல்லலீங்களே.”

“எப்பிடிச் சொல்றது?” என்றார் அவர். “அதச் சொன்னா எதுக்குச் சொல்றன்னு சொல்லோணும். நானு உன்னயச் சும்மா விளையாட்டுக்குத்தான கேட்டுட்டிருந்தன்.”

கலைமகள் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தெரிந்த தொழிலைச் சொல்லிக்கொடுக்க ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையை அவரால் சொல்ல முடியவில்லை, அவளாலும் கேட்க முடியவில்லை. ஒருவர் மானத்தை ஒருவர் காப்பாற்றுகிறோம் என்று இருவரும் வாயை மூடிக்கொண்டிருந்ததில், ஊர் விட்டு ஊர் வந்த ஒரு பையனின் சோற்றில் மண் விழுந்துவிட்டது.

“எனக்குத் தெரியுமுங்க” என்றாள். “எலுமிச்ச புழியாத டீயச் செவப்புன்னு சொன்னீங்க பாருங்க, அன்னிக்கே தெரியும்.”

அவர், “அப்ப நீயும் சும்மாதான் விளையாண்டயா?” என்று கேட்டுவிட்டு, தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் அவர்கள் டீ வைக்கவில்லை. இருவருமாகக் கம்பெனிக்குப் போனார்கள். முதலாளி மயில்சாமி, கலைமகளையும் கூடப் பார்த்ததும் எழுந்து நின்று, “வாங்கம்மா, உக்காருங்க” என்றார். ஞானசம்பந்தம் உட்காரவில்லை.

“முனீஸ் மேல தப்பில்லீங்க. நாந்தான் இறக்கச் சொன்னன். எனக்கு நெறந் தெரியறதில்லீங்க.”

மயில்சாமி சிரித்தார். “மாஸ்டர், அந்தப் பையனுக்கு எரக்கப்பட்டு எதையாச்சும் பேசாதீங்க. உங்களுக்கு நெறந் தெரியாதுன்னா திருப்பூர்ல யாருக்குங்க தெரியும்?”

ஞானசம்பந்தம் சுற்றிலும் பார்த்தார். மேஜை மேல் பிட்டுகள் குவிந்து கிடந்தன. அதிலிருந்து ஒரு நீலத் துண்டை எடுத்து, “இது பச்சை” என்றார். இன்னொன்றை எடுத்து, “இதும் பச்சை. இது வைன் கலர். செரிதானுங்களா?” என்றார். மயில்சாமியின் முகத்தில் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கிப்போனது. அவர் அந்தத் துண்டுகளை ஞானசம்பந்தம் கையிலிருந்து வாங்கி வைத்தார். கதவோரம் நின்றிருந்த முனீஸ், “அண்ணாச்சி, போதும் அண்ணாச்சி” என்றான்.

முனீஸுக்கு வேலை தங்கியது. மயில்சாமி நல்ல மனிதர், மாஸ்டரை வெறுங்கையோடு அனுப்பவில்லை, ஸ்டோரில் உட்காரச் சொன்னார். சாக்கு மூட்டைகளை எண்ணுவதற்கு இந்தக் கண் போதும் என்று சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த கலைமகளுக்குத்தான் யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

கண் ஆஸ்பத்திரிக்குப் போனது அதற்கப்புறம்தான். சொட்டு மருந்து விட்டு, உட்கார வைத்து, விளக்கடித்துப் பார்த்தார் டாக்டரம்மா. சின்ன வயது, மகள் வயதுதான் இருக்கும். சர்க்கரையால் கண்ணுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது என்றார். லேசர் வைக்கலாம், ஊசி போடலாம், மிச்சம் இருக்கிற பார்வையைக் காப்பாற்றப் பார்க்கலாம், போனது திரும்பி வராது என்றார்.

“நிறம் மாறித் தெரியறத முதல்ல எப்ப கவனிச்சீங்க?”

“இப்பத்தானுங்க, போன வாரம்” என்றார் ஞானசம்பந்தம். சொல்லிக்கொண்டே கையை நீட்டித் துழாவி, கலைமகளின் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். பேசாதே என்று அர்த்தம்.

அவளுக்கு அந்த அழுத்தம் புரிந்தது. பேசாமல் இருப்பது அவளுக்குப் பழகிய வேலைதான். இந்தத் தடவை முடியவில்லை.

“இல்லீங்க டாக்டரம்மா. தை மாசமே எனக்குத் தெரியுமுங்க. தெரிஞ்சும் நாந்தான் சும்மா இருந்துட்டனுங்க.”

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். கோபமாக எதுவும் சொல்லவில்லை. “அப்பவே கூட்டிட்டு வந்திருக்கலாமேம்மா” என்றார், மெதுவாக. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

வெளியே வராந்தாவில் வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். மருந்து விட்ட கண்ணுக்கு வெளிச்சம் கூசியது. அவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

“எதுக்குப் புள்ள சொன்னே? பழி எங்கூடவே போயிருக்குமல்ல.”

தையிலிருந்து ஐப்பசி வரை. அவர் தன் பக்கத்தில் உட்கார்ந்து, தன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை காலையும் கலைமகளுக்கு வரிசையாக நினைவுக்கு வந்தது. வாழ்க்கையில் அவள் சந்தோஷமாக இருந்த நாட்கள் அவைதான். அந்த நாட்களில்தான் அவர் கண் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. டீ ஆறிவிடக் கூடாது என்று பார்த்துக்கொண்டவள், இதைப் பார்க்காமல் விட்டுவிட்டாள். சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். சத்தம் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

அவர் அவள் பக்கம் திரும்பினார். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். முகம் பிடிபடவில்லை.

“அழுகறயா கலை?”

இல்லீங்க என்று சொல்லத்தான் வாய் போனது.

“ஆமாங்க” என்றாள்.